ஆப்பசோடாவும் காஸ்டிக் சோடாவும்

கேள்வி: சாக்கடை அடைப்புக்கு வாங்கிய பொட்டலத்தில் 'காஸ்டிக் சோடா' என்றிருக்கிறது. இது ஆப்பத்துக்குப் போடும் சோடாவில் ஒரு வகையா? ஆங்கிலச் செய்தித்தாளில் ஒருவரின் பேச்சையும் 'காஸ்டிக்' என்று எழுதியிருந்தார்கள். இரண்டும் ஒரே சொல்தானா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்தப் பொட்டலத்தைச் சமையலறையிலிருந்து அகற்றிவிடுங்கள், அம்மா. ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட். சலவைசோடா சோடியம் கார்பனேட். உங்களிடம் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. பெயரில் மட்டும்தான் உறவு.

பழைய வண்ணாரப்பேட்டையில், நான் சிறுமியாக இருந்தபோது, மொட்டைமாடியில் அம்மா தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்வார். பக்கெட்டில் முதலில் தண்ணீர், பிறகுதான் காஸ்டிக், அதுவும் சிறிது சிறிதாக. ஒருநாள் அவர் கீழே இறங்கிய நேரத்தில், உதவுவதாக நினைத்து, காஸ்டிக்கின் மேல் நான் தண்ணீரை ஊற்றினேன். கொதித்துச் சீறித் தெறித்தது. கையில் முதலில் வலிக்கவில்லை, வழவழவென்றுதான் இருந்தது. தோலின் கொழுப்பே சோப்பாக மாறியதால் வந்த வழவழப்பு அது. எரிச்சல் பிறகு வந்தது. தழும்பு இன்றும் முன்கையில் இருக்கிறது.

மேலே பட்டால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ வேண்டாம். குழாயடியில் இருபது நிமிடமாவது கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே வெந்த இடம் திரும்ப வேகும். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கரைத்ததைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

இனி சொல்லுக்கு வருவோம். 'எரிக்கக்கூடியது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது காஸ்டிக். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகிறதே, அதுவும் காஸ்டிக் குணம்தான். வேதியியல் பாடத்தில் இவற்றைக் காரம் என்போம். மிளகாய்க்கும் நமக்கு அதே சொல். நீங்கள் படித்த அந்தப் பேச்சு, நம் வழக்கில் சுடுசொல்.

இன்னொரு காஸ்டிக்கும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. காலை வெயில் சாய்வாக விழும் சன்னலோரம் எவர்சில்வர் டம்ளரில் பால் வையுங்கள். உள்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி, பாலின் மேல் கூர்முனையுள்ள ஒரு வளைகோடாகக் குவியும். இயற்பியலில் அந்தக் கோட்டுக்கும் காஸ்டிக் என்றே பெயர்.