இரத்தப் பரிசோதனை சரி, உடம்பு மட்டும் ஏன் சரியில்லை?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது: மன்னார்குடியிலிருந்து கணவரோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தூக்கம் கெட்டுவிட்டது, ஓயாத அசதி, தலைவலி. தைராய்டு, இரத்தச்சோகை, சர்க்கரை எல்லாம் பார்த்தும் குறையில்லை என்கிறார் டாக்டர். சுற்றிலும் தமிழர்கள்தான், ஆனாலும் ஒட்டவில்லை. கோயில், சங்கம் என்று சேர்ந்தால் உடம்பு தேறுமா?

தேற நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பணி ஓய்வு பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. இரண்டு குழுக்களில் இருந்தவர் ஓய்வுக்குப் பிறகும் இரண்டையும் விடாமல் வைத்திருந்தால், அடுத்த ஆறு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 2 சதவீதம். ஒன்றை விட்டவருக்கு 5, இரண்டையும் விட்டவருக்கு 12. ஊர் மாறி வருவதும் அதே மாதிரி இழப்புதான். அங்கே தெருவே உங்களை இன்னார் மகள், இன்னார் மருமகள் என்று அறியும். இங்கே யாருக்கும் தெரியாது. நமக்கென்று ஆளில்லாத நிலையை உடம்பு ஆபத்தாக எடுத்துக்கொண்டு விழித்தே கிடக்கிறது. முதலில் போவது தூக்கம்.

தமிழர் நடுவிலேயே ஏன் இப்படி? மொழி ஒன்றானால் போதாது, 'நம்ம ஆளு' என்ற எண்ணம் இரண்டு பக்கமும் வர வேண்டும். இங்கே பெரியவர்கள் "எந்த எஸ்டேட்?" என்று கேட்பது ஆளை அடையாளம் பிடிக்கத்தான்: எந்தத் தோட்டம், எந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), எந்தத் தமிழ்ப்பள்ளி. அவர்களும் இழந்தவர்கள்தான். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, பல தோட்டங்கள் கைமாறின, லயத்துச் சனம் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியது. மிஞ்சிய பிடிப்பு தோட்டத்துக் கோயில். அதனால்தான் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ திரும்பி வருகிறார்கள். நீங்கள் நுழைய வேண்டிய வாசலும் அதுவே, ஆனால் கோயில் மண்டபம் வழியாக வேண்டாம், மடப்பள்ளி வழியாகப் போங்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர் எத்தனை வெள்ளிக்கிழமை வந்தாலும் விருந்தாளிதான். "அக்கா, அன்னதானத்துக்குக் காய் நறுக்க வரட்டுமா?" என்று கேளுங்கள். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆட்கள் என்று இரண்டு மாதமாவது போங்கள். கையில் ஒரு வேலை வந்து, நீங்கள் வராத அன்று "எங்க காணோம்?" என்று கேட்டால் ஒட்டிவிட்டது என்று பொருள். இந்த வாரம் கோயில், அடுத்த வாரம் சங்கம், அப்புறம் யோகா என்று தாவினால் எங்குமே முகம் பதியாது.

அதற்கு முன் ஒரு தாளில், ஊரிலும் இங்கேயும் நீங்கள் சேர்ந்திருக்கும் கூட்டங்களை எல்லாம் வட்டமாக வரையுங்கள். முக்கியமானது பெரிய வட்டம், மனசைக் கசக்குவதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பழையதில் ஒன்றையாவது காப்பாற்றுங்கள், ஆனால் நேரத்தைப் பாருங்கள்: நாம் இரண்டரை மணி நேரம் முந்தி. ஊரில் இரவு ஒன்பதுக்குச் சாவகாசமாகப் பேசினால் இங்கே பதினொன்றரை. தூக்கம் கெடுவதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். வாரம் ஒரு நாள், ஊரில் மாலை ஐந்து மணிக்கு, குறிப்பிட்ட ஆட்களோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதியதில் ஒன்று போதாது. கோயில் நிர்வாகத்தில் சண்டை வந்தால் நீங்களும் சேர்ந்து அறுந்துபோவீர்கள். மலாய், சீன அக்காமார்களும் வருகிற ஒன்றாக இன்னொன்று இருக்கட்டும்: காலை நடைக் கூட்டம், அல்லது ஆரோக்கியப் பழக்கங்களைப் பரப்பும் சுகாதார அமைச்சின் கோஸ்பென் தன்னார்வலர் குழு. 1997-இல் அமெரிக்காவில் 276 பேரின் மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள்; பல வகை உறவுகள் உள்ளவர்களுக்குச் சளி பிடித்தது குறைவு.

கூட்டம் கெடுக்கவும் செய்யும், இதைக் கவனமாகப் படியுங்கள். எந்தக் கூட்டத்தில் ஒட்டுகிறோமோ அதன் பழக்கமும் ஒட்டும். 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு 18.3 சதவீதம், இந்தியர்களிடம் மட்டும் 31.4. பூசை முடிந்தால் கேசரி, சர்க்கரைப் பொங்கல், சிராப் தண்ணீர், கடையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் எனும் ஆற்றிய தேநீர். மொத்தமாக மறுத்தால் மனஸ்தாபம். ஒரு கரண்டி பிரசாதம் வாங்கிக்கொண்டு பரிமாறும் பக்கம் நின்றுவிடுங்கள், கடையில் 'தே ஓ கோசோங்' கேளுங்கள், பாலும் சர்க்கரையும் இருக்காது. சர்க்கரை உள்ள அக்கா ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் நிலைக்கும். கிளினிக் மிஸ்ஸி (தாதி) சொன்னால் ஏச்சாகப் படுவது, நம் ஆள் சொன்னால் அக்கறையாக ஏறும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை: வேலை முடிந்து குடிக்கிற கூட்டம்தான் புது ஆளை முதலில் சேர்த்துக்கொள்ளும். சம்சு எனும் மலிவு சாராயத்தின் பக்கமே போக வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர்.

மனச்சோர்வு இரண்டு வாரம் விடாமல் இருந்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, கூட்டம் சரிசெய்யும் என்று காத்திருக்காமல் கிளினிக்கில் மனநிலையைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள். தலைவலி என்று மட்டும் சொன்னால் பெனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எனும் மனநல உதவி எண் 15555 இருக்கிறது.