திருமண மண்டபத்தில் மாறிய மேலங்கி: யூதச் சட்டம் சொல்வது என்ன?

எருசலேமில் யூத முதியவர் ஒருவரைப் பராமரித்து வரும் வாசகரின் கேள்வி: "திருமண விருந்தில் ஐயாவின் கறுப்பு மேலங்கியை யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள். அதே அளவில் மீந்திருந்த ஒன்றை நான் எடுத்து வந்தேன். அதைப் போட அவர் மறுக்கிறார். நான் என்ன செய்வது?"

ஐயாவின் மறுப்புக்குப் பழமையான சட்ட அடிப்படை உண்டு. துக்க வீட்டிலோ விருந்து வீட்டிலோ உடைமைகள் மாறிப்போனால், உரியவர் வந்து வாங்கிக்கொள்ளும் வரை கைக்கு வந்ததைப் பயன்படுத்தலாகாது என்று யூத அறிஞர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் பாவா பத்ரா பகுதி விதிக்கிறது; 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் என்ற சட்ட நூலும் அதையே ஏற்கிறது. இந்த அங்கிக்கு உரியவர்தான் ஐயாவின் அங்கியை எடுத்தார் என்பது உறுதியில்லை. அவரே எடுத்திருந்தாலும், இருவரும் அறிந்து ஒப்பாத பரிமாற்றம் செல்லாது.

கைவினைஞரிடம் கொடுத்த உடை மாறி வந்தால் மட்டும் சட்டம் இளகுகிறது. விற்பதற்காக ஒருவர் ஒப்படைத்த அங்கிக்குப் பதிலாகக் கைவினைஞர் தவறுதலாக இவருடையதை விற்றுவிட்டு, ஈடாக அந்த அங்கியை இவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பதால், உரியவர் வரும் வரை அதை உடுத்தலாம். அதிலும் கைவினைஞரே கொடுத்திருக்க வேண்டும், அவருடைய மனைவி மக்கள் கொடுத்தால் போதாது. அவரும் "இதோ அங்கி" என்று சொல்லியிருக்க வேண்டுமே தவிர, "இதோ உங்கள் அங்கி" என்று சொல்லியிருந்தால் அது வெறும் தவறு என்பதால் சலுகை இல்லை. இவ்வளவு நுணுக்கமாக எடைபோடும் சட்டம், மண்டபத்தில் மாறிய உடைக்கு அத்தகைய அனுமானம் எதையும் அனுமதிக்கவில்லை.

நாளடைவில் உரியவர் அது திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை இழந்தால் அங்கி ஐயாவுக்கு ஆகிவிடுமா என்றும் நீங்கள் எண்ணலாம். பொருளை இழந்ததை அறியாதவர், அறிந்தால் கைவிட்டிருப்பார் என்று கொள்ளலாமா என்பதில் தல்மூதின் அறிஞர்களான அபாயேயும் ராவாவும் முரண்பட்டார்கள். கூடாது என்ற அபாயேயின் கருத்தே சட்டமாக நிலைத்தது. உரியவர் கைவிடும் முன்பே அங்கி உங்கள் கைக்கு வந்துவிட்டதால், பின்னால் அவர் நம்பிக்கை இழந்தாலும் அதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை நீங்காது. உபாகமம் 22ஆம் அதிகாரம் இடும் கட்டளை இதுவே.

ஆகவே முதலில் மண்டபப் பொறுப்பாளரிடமும் விருந்து நடத்திய குடும்பத்தாரிடமும் தெரிவியுங்கள். ஐயா செல்லும் ஜெபக்கூடத்திலும் அறிவிப்பு வையுங்கள். அறிவிப்பில் "மேலங்கி" என்று மட்டும் குறிப்பிட்டு, பையில் உள்ளவை, தையல், பொத்தான் போன்ற அடையாளங்களை மறைத்து வையுங்கள். அவற்றைக் கேட்டு வருபவர் சொல்ல வேண்டும். உரியவரை அறியாத நிலையில் காவல் துறைக்கு அறிவிக்கும்படி இஸ்ரேலின் 1973ஆம் ஆண்டுச் சட்டமும் கோருகிறது.

அதுவரை அங்கியைப் பேணுவதும் கடமையே. கண்டெடுத்த துணியை 30 நாளுக்கு ஒருமுறை உதறி விரிக்க வேண்டும் என்கிறது தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னா. அது துணியின் நன்மைக்காகவே, கண்டெடுத்தவரின் பெருமைக்காக அன்று. நெடுங்காலம் எவரும் வராவிட்டால், பொருளின் அடையாளத்தையும் மதிப்பையும் எழுதிவைத்துப் பயன்படுத்தலாம், உரியவர் வந்தால் ஈடு தரலாம் என்று நியூயார்க்கில் வாழ்ந்த ரப்பி (யூத மத குரு) மோஷே ஃபைன்ஸ்டைன் 20ஆம் நூற்றாண்டில் வழிகாட்டினார். அது இந்த அங்கிக்குப் பொருந்துமா என்பதை ஐயாவின் ரப்பியே முடிவுசெய்யட்டும்; இந்தக் குளிருக்கு அவருக்கு வேறொரு மேலங்கி வாங்கிக் கொடுங்கள்.