பழமைவாதக் கட்சியின் பெண் வேட்பாளர் ஒருவரை உயர் பதவிக்கு ஆதரித்திருக்கிறீர்களா? ஏன் ஆதரித்தீர்கள்?

ஆதரித்திருக்கிறேன். 2024-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய நடந்த உள்கட்சித் தேர்தலில், தென் கரோலினா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் நிக்கி ஹேலிக்கு வாக்களித்தேன். அதோடு நில்லாமல் அந்த பிப்ரவரி மாதத்துச் சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகச் சென்று அவருக்காக வாக்கும் கேட்டேன். அம்மாநிலத்தின் தலைநகரான கொலம்பியாவில் 2006 முதல் குடியிருக்கிறேன். சிறு கடைகளுக்கும் நெடுஞ்சாலையோர விடுதிகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில்.

தமிழில் 'பழமைவாதி' என்பது ஏறத்தாழ வசவாகவே ஒலிக்கிறது. சமூகச் சீர்திருத்த இயக்கங்களின் மொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அச்சொல்லைக் கேட்டதும் விதவை மறுமணத்தை எதிர்த்தவர்களும் கோயில் நுழைவைத் தடுத்தவர்களுமே நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்க அரசியலில் அச்சொல்லுக்குள் பல சரக்குகள் இருக்கின்றன. அரசு வரவுக்கு மீறிச் செலவு செய்யக் கூடாது, குடும்பமும் வழிபாட்டிடமும் ஊரும் பார்த்துக்கொள்ளக் கூடிய காரியங்களில் அரசு தலையிடக் கூடாது, நட்பு நாடுகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பவை அவற்றுள் சில. இவற்றை நான் ஏற்கிறேன். துப்பாக்கி விஷயத்தில் அக்கட்சி சொல்வதை ஏற்கவில்லை. ஒரு வேட்பாளரை ஆதரிப்பதற்கு அவருடைய சரக்கு முழுவதையும் வாங்கியாக வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க இயலாது.

விருதுநகரில் என் தந்தைக்கு மளிகைக் கடை இருந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து, மாலையில் கடைக்குப் போய்ச் சிட்டையில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. இரவில் கல்லாவில் இருக்கும் பணமும் சிட்டையும் ஒத்துப் போகவில்லையென்றால், வித்தியாசம் ஒன்றரை ரூபாயாக இருந்தாலும், அது எங்கே போயிற்று என்று தெரியும் வரை அப்பா கடையைப் பூட்ட விடமாட்டார். நிக்கி ஹேலி 1972-ல் தென் கரோலினாவில் பாம்பெர்க் என்னும் சிற்றூரில், பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய சீக்கியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை பக்கத்து ஊரான டென்மார்க்கில், கருப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட வூர்ஹீஸ் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்தார். தாய் ஒரு துணிக்கடையைத் தொடங்கி நடத்தினார். அந்தக் கடையின் கணக்கைச் சிறு வயதிலிருந்தே எழுதியவர் நிக்கி. பிறகு கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தார். அவர் மீது எனக்கு முதன்முதலில் ஏற்பட்ட ஒட்டுதலுக்குக் காரணம் இனமும் அன்று, பாலினமும் அன்று. இந்தக் கணக்குப் புத்தகம்தான்.

அந்த ஒட்டுதல் மரியாதையாக மாறியது அவர் சட்டமன்றத்தில் செய்த ஒரு காரியத்தால். 2004-ல், ஏறக்குறைய 30 ஆண்டுகளாகத் தொகுதியைக் கையில் வைத்திருந்த சொந்தக் கட்சிக்காரரையே தோற்கடித்து அவர் சட்டமன்றத்துக்குள் போனார். அங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிக்கொண்டிருந்தன. "ஆம்" என்போர் ஆம் என்பார்கள், "இல்லை" என்போர் இல்லை என்பார்கள், அவைத்தலைவர் முடிவை அறிவிப்பார். எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதற்கு எழுத்தில் தடயமே இராது. தம்முடைய ஓய்வூதியத்தை உயர்த்திக்கொள்ளும் முடிவைக்கூட அப்படிச் சத்தத்தோடு சத்தமாக நிறைவேற்றிக்கொள்ள முடிந்தது. ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பெயரோடு பதிவாக வேண்டும் என்று ஹேலி வலியுறுத்தியபோது, அதனால் மிகவும் சங்கடப்பட்டவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர், அவையில் பெரும்பான்மையாக இருந்த அவருடைய சொந்தக் கட்சித் தலைவர்கள்தான். குழுப் பொறுப்புகளில் அவர் ஓரங்கட்டப்பட்டார். 2011-ல் ஆளுநரானதும் அதையே சட்டமாக்கிக் கையெழுத்திட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். சிட்டையில் ஏறாத பணம் கடையை என்ன செய்யும் என்பதை அறிந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2015-ல் நடந்ததை நேரில் பார்த்தேன். அவ்வாண்டு ஜூன் 17-ஆம் தேதி இரவு, சார்ல்ஸ்டனில் இமானுவேல் தேவாலயத்தில் விவிலியம் படிக்கக் கூடியிருந்த கருப்பினத்தவர் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறி இளைஞன் சுட்டுக் கொன்றான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடி, 1960-களின் தொடக்கம் முதல் எங்கள் சட்டமன்றக் கட்டடத்தின் உச்சியிலும், 2000-க்குப் பிறகு அதன் முன்வாசல் நினைவுச் சின்னத்தின் அருகிலும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்க வேண்டும் என்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். முந்தைய ஆண்டுத் தேர்தலில் இதே ஹேலி, எந்த நிறுவனத் தலைவரும் தம்மிடம் அக்கொடியைப் பற்றிப் பேசியதில்லை என்று சொல்லித் தட்டிக் கழித்திருந்தார். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்பது சவப்பெட்டிகளுக்குப் பின் அவர் தட்டிக் கழிக்கவில்லை. சிறு வயதில், தலைப்பாகை கட்டிய தந்தையோடு ஒரு பழக்கடைக்குப் போனபோது கடைக்காரர் போலீசை வரவழைத்ததையும், தந்தை ஒன்றும் பேசாமல் பணத்தைக் கொடுத்து, நன்றி சொல்லித் திரும்பியதையும், பிறகு அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் அந்த வலி மனத்தில் எழுந்ததையும் சொல்லி, எந்தக் குழந்தையும் அந்தக் கொடியைக் கடக்கும்போது அந்த வலியை உணரக் கூடாது என்று தம் கட்சி உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டார். கீழவையில் 13 மணி நேரத்துக்கும் மேல் விவாதம் நீண்டு, நள்ளிரவு தாண்டி 94-க்கு 20 என்ற வாக்கில் மசோதா நிறைவேறியது.

ஜூலை 10 காலை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, எட்டு வயது மகளை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். கொடி இறங்கச் சில நிமிடங்களே ஆயின. வெள்ளைக் கையுறை அணிந்த காவலர்கள் அதைச் சுருட்டி நாடாவால் கட்டிக் கொண்டுபோனார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு கருப்பின மூதாட்டி, கூட்டம் ஆரவாரம் செய்தபோது தாம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். இறந்தவர்களின் பெயர்களை என்று பிறகு அவரே சொன்னார்.

அதனால் 2023 பிப்ரவரியில் ஹேலி அதிபர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தபோது எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மில்வாக்கியில் நடந்த குடியரசுக் கட்சிப் போட்டியாளர்களின் முதல் விவாதத்தில், நாட்டின் கடனுக்கு எதிர்க்கட்சியை மட்டும் குறை சொல்லாமல், நம் கட்சியும்தான் இதைச் செய்தது என்று சொந்தக் கட்சிக்காரர்கள் நிறைந்த அரங்கில் சொன்னார். கருக்கலைப்பைப் பற்றிய கேள்விக்கு, தாம் அதை எதிர்ப்பவர் என்பதை மறைக்காமலே, நாடு முழுவதற்குமான தடைச் சட்டத்துக்கு செனட்டில் 60 வாக்கு வேண்டும், அது நம்மிடம் இல்லை, இல்லாததை இருப்பதாகச் சொல்லி மக்களை ஏமாற்ற வேண்டாம், பெண்களைப் பழிப்பதையும் நிறுத்துவோம் என்ற பொருளில் பதிலளித்தார். இவ்விஷயத்தில் என் கருத்து வேறு. 2016-ல் ஆளுநராக அவர் கையெழுத்திட்ட 20 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தை நான் ஏற்கவில்லை. இருந்தும், கையில் எத்தனை வாக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துப் பேசுபவர் அந்த மேடையில் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது.

வாக்குக் கேட்கப் போன வீடுகளில் இரண்டை மறக்க முடியவில்லை. லெக்சிங்டன் பகுதியில் ஒரு முதியவர், படைவீரர் தொப்பி அணிந்தவர், என்னை வாசல் நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இரண்டு முறை அவருக்குத்தான் போட்டேன், நல்ல ஆளுநர், இந்த முறை போட மாட்டேன்" என்றார். காரணம் கேட்டேன். ஹேலியை எதிர்த்து நின்ற டிரம்ப் தங்களுக்காகச் சண்டை போடுகிறார் என்பதைத் தவிர அவர் வேறு காரணம் சொல்லவில்லை; என்னிடம் கோபமும் காட்டவில்லை. இன்னொரு வீடு ஃபோர்ட் ஜாக்சன் ராணுவ முகாமுக்கு அருகில். அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 10 அன்று, கான்வே நகரக் கூட்டத்தில் டிரம்ப் "அவருடைய கணவர் எங்கே?" என்று ஏளனமாகக் கேட்டிருந்தார். மைக்கேல் ஹேலி அப்போது மாநில தேசியக் காவல் படையோடு ஆப்பிரிக்காவில் பணியில் இருந்தார். இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்த அந்த இளம்பெண், நான் பேசத் தொடங்குமுன்பே, "என் கணவரும் இங்கே இல்லை. அவர் எங்கே என்று என்னிடம் யாரும் ஏளனமாகக் கேட்கக் கூடாது" என்றார். என் கையிலிருந்த துண்டறிக்கையை வாங்கி, முன்கூட்டிய வாக்குப்பதிவு எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

என்னால் பதில் சொல்ல முடியாமல் போன இடமும் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் பெர்லின் என்னும் ஊரில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, அரசின் அதிகாரம், மக்களின் சுதந்திரம் என்றெல்லாம் சொன்ன ஹேலி, அடிமை முறை என்ற சொல்லைச் சொல்லவில்லை. மறுநாள், போர் அடிமை முறையைப் பற்றியதுதான், அது எல்லாருக்கும் தெரிந்தது என்றார். புத்தாண்டுக்குப் பின் அலுவலகம் திறந்த அன்று, என்னோடு பல ஆண்டுகள் வேலை பார்க்கும் கருப்பினத் தோழி அந்தக் காட்சியை ஓடவிட்டுக் கைபேசியை என் மேசையில் வைத்தார். கொடி இறங்கிய நாளில் நான் எடுத்த படத்தைத் தம் சமையலறையில் மாட்டி வைத்திருப்பவர் அவர். "கொடியை இறக்கியவருக்கு இது கூடவா வாயில் வரவில்லை?" என்று கேட்டார். சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். வாக்கு போய்விடுமே என்ற பயம் ஒரு நல்ல மனிதரையும் எந்த அளவுக்குக் கோணச் செய்யும் என்பதை அன்று பார்த்தேன். ஆதரவை விலக்கிக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பின் வாக்குக் கேட்கப் போன வீடுகளில் அதைக் குறித்துக் கேட்டவர்களிடம், அவர் சொன்னது தவறு என்றே சொன்னேன். தேர்தல் பொறுப்பாளர்கள் கொடுத்த குறிப்பில் அப்படி எழுதியிருக்கவில்லை.

இனம் சார்ந்த கேள்விக்கு வருகிறேன். கோயிலில் என் மதிப்புக்குரிய மாமி ஒருவர், "ஏம்மா, பேரையும் மாத்திண்டு மதத்தையும் மாத்திண்டவாளுக்கா நீ அலையறே?" என்று கேட்டார். நிக்கி என்பது பிறப்பிலேயே இட்ட நடுப்பெயர். பஞ்சாபியில் சின்னவள் என்று பொருள் என்று சொன்னேன். அவர் கிறிஸ்தவரானது உண்மைதான்; ஆனால் மதம் அவரவர் மனத்தைப் பொறுத்தது. இன்னும் சிலர், மன்னார்குடிக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ் இருக்கும்போது பஞ்சாபிப் பெண்ணுக்கு ஏன் உழைக்கிறாய் என்றார்கள். ஊர்ப் பாசம்தான் அளவுகோல் என்றால், ஹேலியோடு அதே கட்சியில் போட்டியிட்டு, விவாத மேடையில் அவரைக் கடுமையாகத் தாக்கிய விவேக் ராமசாமியின் குடும்பம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அவருக்கல்லவா நான் உழைத்திருக்க வேண்டும்?

பெண் என்பதற்காகவா என்றால், அது காரணமில்லை. ஆனால் அது எனக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2010-ல் ஆளுநர் தேர்தலின்போது சொந்தக் கட்சியின் மாநில செனட்டர் ஒருவரே, தலைப்பாகை அணிபவர்களைக் கேவலப்படுத்தும் சொல்லால் ஹேலியைக் குறிப்பிட்டார். அதையும் தாண்டி வென்று, மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரானார். 1964-ல் இதே கட்சியில் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் அதிபர் வேட்பாளராக முயன்று, கட்சி மாநாட்டில் 27 வாக்குகள் பெற்றார். செல்வாக்கு உயர்ந்துகொண்டிருந்த தம் கட்சிக்காரரான செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, பலரையும் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டி நடத்திய அவதூறு அரசியலை 1950-லேயே செனட்டில் எழுந்து கண்டித்தவர் அவர். தன் வீட்டுக் கணக்கில் உள்ள தவற்றைத் தானே சொல்லும் பெண்கள் அக்கட்சியில் முன்பும் இருந்திருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 24 அன்று ஹேலிக்குச் சொந்த மாநிலத்தில் 39.5 விழுக்காடு வாக்குகள்தான் கிடைத்தன. மார்ச் 3-ல் வாஷிங்டன் நகரிலும், இரண்டு நாள் கழித்து வெர்மான்ட்டிலும் வென்றார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான தேர்தலில் ஓரிடத்திலாவது வென்ற முதல் பெண் அவர்தான். மார்ச் 6-ல் போட்டியிலிருந்து விலகினார். மே 22-ல், தாம் டிரம்புக்கே வாக்களிக்கப் போவதாக அறிவித்தார். அது என்னை வருத்தியது. அந்த ராணுவ வீரர் மனைவியின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அவரிடம் போய் நான் என்ன சொல்வது?

ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு, மே 7-ல், இந்தியானா மாநிலத்தில் வாக்குப்பதிவு நடந்திருந்தது. ஹேலி விலகி இரண்டு மாதம் ஆகியும், அவர் பெயர் வாக்குச்சீட்டில் இருந்ததால், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அவருக்குப் போட்டிருந்தார்கள். இரவு உணவு மேசையில் அந்த எண்ணை மகளிடம் காட்டினேன். கொடி இறங்கியதைப் பார்த்தபோது எட்டு வயதாக இருந்தவளுக்கு அன்று பதினேழு. போட்டியிலேயே இல்லாதவருக்கு எதற்காகப் போடுகிறார்கள் என்று கேட்டாள். தங்கள் பெயரில் இது பதிவாகட்டும் என்று போடுகிறார்கள் என்றேன்.