வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வையுங்கள்

போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பையன், கூடவே அம்மாவின் தம்பி. அப்பா மடியில் ஒரு மஞ்சள் பை. மார்க்‌ஷீட் வைத்திருப்பார் என்று நினைத்தேன். உள்ளே வீட்டுப் பத்திரம் இருந்தது.

பையனுக்குக் கட் ஆஃப் 186. ஓஎம்ஆர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை மாமா பேசி வைத்துவிட்டார். நாலு வருஷத்துக்கு 12 லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும். பத்திரத்தை அடகு வைத்துக் கடன் வாங்குவதுதான் திட்டம். அம்மா ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. "கல்யாணம் காதுகுத்துன்னு எங்க போனாலும் பையன் என்ன சேர்ந்தான்னுதான் மேடம் கேக்கறாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"உனக்கு என்னப்பா பிடிக்கும்?" என்று பையனைக் கேட்டேன். மாமா பதில் சொன்னார். மறுபடியும் பையனையே பார்த்துக் கேட்டேன். அவன் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய இரண்டு கல்லையும் உடைந்த பாத்ரூம் டைல்ஸ் துண்டு ஒன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தான். டைல்ஸைக் கவிழ்த்து, சொரசொரப்பான பின்பக்கத்தில் முதல் கல்லைத் தேய்த்தான். மருதாணி நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. இரண்டாவது கல்லைத் தேய்த்தான், கோடு கறுப்பு. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் கறுப்புக் கல் டக்கென்று ஒட்டியது. "இது ஹேமடைட் மேடம், அது மேக்னடைட். ரெண்டுமே இரும்புத்தாதுதான்."

கறுப்புக் கல் சேலத்துப் பாட்டி வீட்டுக்குப் போனபோது கஞ்சமலை அடிவாரத்தில் பொறுக்கியது. சிவப்புக் கல்லை அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா துறைமுகத்திலிருந்து சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பெல்லாரி, ஹோஸ்பேட் பக்கத்துத் தாது அப்போது ரயிலில் வந்து சென்னையில் கப்பல் ஏறும். அவர் அங்கே ஷிஃப்ட் வேலை பார்த்தவர். வடசென்னையில் தூசி தாங்கவில்லை என்று வழக்குப் போய், 2011-ல் உயர் நீதிமன்றம் இங்கே நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்றது. அந்த வேலை போனது. இப்போது பாரிமுனையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாதம் 28,000.

முதலில் கடனைப் பேசுவோம். 12 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 16,500 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி இதில் சேராது. 28,000 வாங்குகிறவர் 16,500 கட்டினால் வீடு எதை வைத்து நடக்கும்? பையன் சம்பாதித்துக் கட்டுவான் என்று மாமா சொன்னார். அப்படியானால் அவன் 22 வயதில் கிடைத்த முதல் வேலையை, பிடிக்காவிட்டாலும், தவணைக்குப் பயந்து விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. கலந்தாய்வு வழியாகப் போனால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் அது கிடையாது. இருக்கிற சலுகையைக் கைவிட்டு, வீட்டையும் அடகு வைத்து, பையன் கேட்காத படிப்பை வாங்குவதற்கு நான் ஒருநாளும் சரி சொல்ல மாட்டேன். மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் பத்திரம் அவருடையது இல்லையே.

கம்ப்யூட்டர், மெடிக்கல், காமர்ஸ் எல்லாம் ஊரே பேசுகிறது. நான் சொல்லித் தெரிய வேண்டாம். அந்த மேஜையில் இருந்த இரண்டு கல்லுக்கும் பதில் சொல்கிற ஒரு படிப்பு இவர்கள் வீட்டிலிருந்து மெட்ரோ தூரத்தில் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. மைனிங், அதாவது சுரங்கப் பொறியியல். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நிற்கும் கூட்டம் இந்தப் பிரிவுக்கு வருவதில்லை. முந்தைய ஆண்டுகளின் கடைசி ரேங்க்கையும் இவன் ரேங்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எட்டுகிற தூரம்தான். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் அந்த 12 லட்சத்தில் ஒரு சிறு பங்கு.

"நான் சிவப்புத் தூசியில நின்னவன் மேடம். இவனும் நிக்கணுமா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை அவருக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

சத்தீஸ்கரில், தந்தேவாடா மாவட்டத்தில் பைலாடிலா மலைத்தொடர். எருதின் திமில் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். மலை முழுக்க நல்ல ரக ஹேமடைட். 14 தாதுப் படிவுகளாக எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பொதுத்துறை நிறுவனமான என்எம்டிசி 1968-லிருந்து அங்கே கிரண்டுலில் தாது எடுக்கிறது. சென்ட்ரலில் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கிரண்டுல் பாசஞ்சரில் அரக்கு மலையைக் குடைந்த ரயில் குகைகளைத் தாண்டி ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அந்த ரயில்பாதையே தாதுவுக்காகப் போட்டது. ஜப்பானுக்கு அனுப்புவதற்காக, ஜப்பான் உதவியோடு, ஏறக்குறைய 445 கிலோமீட்டர்.

தாது இருந்தால் மட்டும் சுரங்கம் ஆகிவிடாது. முதலில் மலையில் துளை போட்டு, உள்ளிருந்து உருளை உருளையாகக் கல்லை எடுத்துச் சோதிப்பார்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு இரும்பு, கலப்பாகச் சிலிக்கா, அலுமினா எவ்வளவு என்று கணினியில் மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கட்டுவார்கள். அடுத்து வன அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி, கிராம சபை. பிறகு சாலை, மின்சாரம், தண்ணீர், குடியிருப்பு. கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவாக ரயில்பாதையும் துறைமுகமும் வந்து நிற்கும். ஆப்பிரிக்காவில் கினி நாட்டின் சிமாண்டு மலையில் உலகத்தரத் தாது இருப்பது தெரிந்தும், 600 கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டுத் துறைமுகம் கட்டி, 2025 கடைசியில்தான் அது கடலுக்கு வந்தது. 1997-லேயே அங்கே தேடும் உரிமம் கொடுத்திருந்தார்கள். தொலைதூரச் சுரங்கம் என்பதன் கணக்கு இப்படித்தான் இருக்கும்.

ஓடுகிற சுரங்கத்தில் இளம் பொறியாளருக்கு என்ன வேலை? மலையைப் படிப்படியாக வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படியையும் பெஞ்ச் என்பார்கள். டிரில் போடும்போது வெளியே வரும் தூளை எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். வெடி வைக்கும் நேரத்தில் சைரன் ஒலிக்கும். ஆட்களும் வண்டிகளும் விலகிவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெடித்த பிறகு தாது அள்ளும் ஷவல் இயந்திரம் எது எந்த வெட்டுமுகத்தில் நிற்கும், 100 டன் டம்பர் லாரி எத்தனை அங்கே போகும் என்று முடிவு செய்ய வேண்டும். இரும்பு கூடின தாதுவும் குறைந்த தாதுவும் சரியான அளவில் கலந்தால்தான் வாங்குகிறவர் கேட்ட தரம் வரும். மழைக்காலத்தில் தூள் தாது சேறாகி, கல் உடைக்கும் கிரஷரிலும் கன்வேயர் பெல்ட்டிலும் அப்பிக்கொள்ளும். கீழே தாது ஏற்றும் சரக்கு ரயில் காத்துக்கொண்டு நிற்கும். அந்த ராத்திரி ஷிஃப்டில் உங்கள் பையன்தான் பொறுப்பு.

அதனால் அப்பாவுக்கு நான் சொன்னது: தூசி இருக்கும். தண்ணீர் வண்டி தெளிக்கும், டம்பர் கேபினில் ஏசி இருக்கும், ஆனாலும் தூசி இருக்கும். நீங்கள் நின்ற இடத்தில் உங்களால் "வேலையை நிறுத்து" என்று சொல்ல முடியவில்லை. இவனுக்கு அந்த அதிகாரமும் கடமையும் இருக்கும். சட்டப்படி தகுதிச் சான்று பெற்ற மேலாளர் இல்லாமல் சுரங்கம் ஓடக் கூடாது. பட்டத்துக்குப் பிறகு களத்தில் அனுபவம் சேர்த்து, சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் தேர்வு எழுதி முதல் வகுப்புச் சான்று வாங்கினால், சுரங்கத் துறையில் அவனுக்கு நல்ல மதிப்பு இருக்கும்.

மாமா கம்ப்யூட்டரை விடவில்லை. ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியைப் பற்றிச் சொன்னேன். அங்கே டிரைவர் இல்லாத டம்பர்கள் தாது சுமக்கின்றன, டிரைவர் இல்லாத ரயில்கள் இழுக்கின்றன. சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த் நகரத்தில் உட்கார்ந்து திரையில் நடத்துகிறார்கள். மலையும் தெரிந்து நிரலும் எழுதத் தெரிந்த ஆட்கள் குறைவு. பையன் கிண்டியில் மைனிங் படித்துக்கொண்டே பைத்தான் நிரல்மொழி கற்கட்டும். யார் வேண்டாம் என்றார்கள்?

கஷ்டத்தை மறைக்க மாட்டேன். பைலாடிலா வட்டாரம் மாவோயிஸ்ட் மோதலைப் பல வருஷம் பார்த்த இடம். 2006-ல் அங்கே வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கிக் காவல் படை வீரர்களைக் கொன்றார்கள். 2019-ல் தங்கள் தெய்வம் வாழும் மலை என்று ஆதிவாசிகள் 13-ம் எண் தாதுப் படிவைத் தோண்ட எதிர்ப்புத் தெரிவித்து ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். சுரங்கச் செம்மண் கலந்து ஓடிய சங்கினி ஆற்றைப் பற்றியும் பையன் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வடசென்னைத் தூசியில் வளர்ந்த பிள்ளைக்கு அது யாரோ ஒருவருடைய வலியாகத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று மனதார நம்புகிறேன். இந்தி தெரியாமல் போனால் முதல் ஆறு மாதம் தனிமை தின்றுவிடும், இப்போதே ஆரம்பிக்கட்டும். சுரங்கத்துக்கும் ஆயுள் உண்டு. கர்நாடகத்தின் குதுரேமுக் சுரங்கம் உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 கடைசியில் நின்றது.

அம்மாவுக்கு ஒன்று. சுரங்கம் என்றாலே காடு என்று நினைக்க வேண்டாம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி இருக்கிறது, அரியலூர் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஆனால் பையன் தூரம் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். கிண்டி கிடைக்காவிட்டால் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. நிலவியல், அதாவது ஜியாலஜி, இருக்கிறது. புவியியல் என்பது ஜியாகரபி, அது அல்ல. பெயரைப் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கட்ட வேண்டாம். அதற்குள் இரண்டு வேலை. கண் டாக்டரிடம் போய்ப் பார்வையும் நிறக்குருடும் சோதித்துவிடுங்கள். சுரங்க வேலையில் சேருமுன் மருத்துவச் சோதனை கட்டாயம், நாலு வருஷம் படித்த பிறகு தெரியக் கூடாது. அப்புறம் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கிண்டிக்குப் போய், கடைசி வருஷ மைனிங் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பையன் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே டீக்கடையில் இருங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்கு எல்லோரும் வாருங்கள், மாமாவும்தான். கலந்தாய்வுக்கான சாய்ஸ் பட்டியலை என் மேஜையிலேயே போடலாம். வரிசையைப் பையன் தன் கையால் டைப் அடிப்பான்.