இரண்டாவது சாவி யாரிடம்?

அன்புள்ள அண்ணா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பறவை பார்க்கிற நாற்பது பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊசுட்டேரி, பிச்சாவரம் என்று கிளம்பிவிடுவோம். ஆறு வருடமாக ஒரு பெரிய சமூக ஊடகத்தில் எழுதிவந்த எங்கள் பக்கம் போன மாதம் காரணமே சொல்லாமல் முடக்கப்பட்டது. படங்கள், தேதிவாரிக் குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. மாஸ்டோடான் என்ற, ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத சமூக ஊடகத்தில், சிற்றலை வானொலி நேயர்களுக்காகச் சொந்தமாக ஒரு சர்வர் (கணக்குகளும் பதிவுகளும் இருக்கிற கம்ப்யூட்டர்) நடத்துவதாக எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதிலேயே போட்டுவிடலாமா? நண்பர்கள், "அங்கே யாருமே இல்லையே, நாம் எழுதுவதை யார் படிப்பார்கள்?" என்கிறார்கள். என்ன சொல்வது?

கி., கடலூர்

அன்புள்ள கி.,

ஆறு வருடக் குறிப்புகள் போனதைப் படித்து எனக்கே வயிறு எரிந்தது. உங்களில் யாராவது ஒருவர் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்திருப்பார், விசாரியுங்கள். பறவைக்காரர்களில் அப்படி ஓர் ஆள் இல்லாமல் இருக்காது.

நண்பர்களின் கேள்விக்கு முதலில் வருகிறேன். கடலூரில் புதுச்சேரி பஸ் ஏறினால் முள்ளோடையில் மாநிலம் மாறிவிடுகிறது. மதுக்கடைச் சட்டம் வேறு, வண்டி நம்பர் வேறு, போலீஸ் தொப்பி வேறு. ஆனால் பஸ் அதே பஸ்தான், பேச்சும் அதே பேச்சுதான். மாஸ்டோடான் சர்வர்கள் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் தனி வீட்டுக்காரர், தனி விதி. ஆனால் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஆக்டிவிட்டிபப் என்ற பொது வழக்கம் இருப்பதால் ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். 2018-ல் அதை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே ஏற்றுக்கொண்டது. ஆகவே உங்கள் சர்வரில் நாற்பது பேர்தான் என்றாலும் வெளியே இருப்பவர்கள் படிக்க முடியும். படிப்பார்களா என்பது வேறு. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து ஒரு கூட்டமே மாஸ்டோடானுக்கு வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் வந்தவன்தான். சில மாதங்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போய்விட்டார்கள். கைதட்டலுக்காக வந்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை. சிற்றலை கேட்கிற அறுபது பேருக்கு அந்த அறுபது பேரே போதும் என்பதால் நாங்கள் தங்கிவிட்டோம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு உங்கள் ஊரில் கரண்ட் வர எத்தனை நாள் ஆயிற்று என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். வாடகை சர்வர் எடுங்கள். எனக்கு மாதம் 1,300 ரூபாய்க்குள் முடிகிறது, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமாளிக்கிறோம்.

இப்போது உங்கள் குழுவுக்கு மட்டுமே உரிய சிக்கலுக்கு வருகிறேன். கூடு. ஆந்தைக் கூட்டையோ, வெறுந்தரையில் கிடக்கும் ஆள்காட்டி முட்டையையோ ஒருவர் படமெடுத்து இடத்தோடு போட்டார் என்று வையுங்கள். இடம் தெரிந்தால் ஆள் கூடிக் கூட்டைக் கலைத்துவிடுவார்கள். பழைய ஊடகத்தில் அழித்துவிடலாம். இங்கே நீங்கள் அழித்தால், "இதை அழித்துவிடு" என்ற வேண்டுகோள் மற்ற சர்வர்களுக்குப் போகும். பெரும்பாலானவை கேட்கும். ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த யாரும் இல்லை. விட்ட சொல் மாதிரிதான், திரும்பாது. படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக்குறிப்பை மாஸ்டோடான் நீக்கிவிடும், சரி. பின்னால் தெரிகிற தண்ணீர்த் தொட்டியை யார் நீக்குவது? அதனால் கூட்டுப் படம் கூடாது என்று முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குச் சொல்லியிருக்கும் பொருளில், முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதும் அடக்கம். அதையும் சேர்த்தே எழுதுங்கள், பிறகு வாதம் குறையும். 'ஹோம்டவுன்' என்று மாஸ்டோடானிலிருந்தே பிரிந்த ஒரு வடிவம் இருக்கிறது. அதில் சர்வருக்கு வெளியே போகாத பதிவுகளை எழுதலாம். உங்களுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. தனிச்செய்தி என்று எழுதுவதை நிர்வாகி நினைத்தால் பார்க்க முடியும், பூட்டு கிடையாது. அதை உறுப்பினர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆள் சேர்க்கும் கதவைத் திறந்து போடாதீர்கள். விண்ணப்பித்து அனுமதி பெறும் முறை இருக்கிறது, அதில் ஒரு கேள்வியும் கேட்கலாம். நான் கேட்பது: "கடைசியாக எந்த வானொலி நிலையத்தை எந்த மீட்டர் அலையில் கேட்டீர்கள்?" விளம்பரக்காரன் இதற்குப் பெரிய கட்டுரை எழுதுவான். உண்மையான நேயர், "31 மீட்டர், இரைச்சல் அதிகம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். நீங்கள், "வாசலில் கடைசியாகப் பார்த்த பறவை எது?" என்று கேளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு டெங்கு வந்தது. பன்னிரண்டு நாள் படுக்கை. நம் உறுப்பினர்கள் பின்தொடர்கிற வெளியாட்களின் படங்களையும் சர்வர் தன்னிடம் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். பழைய பிரதிகளைத் தானாக நீக்கச் சொல்லும் அமைப்பு நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அதைப் போடாமல், வாரம் ஒருமுறை கையால் துடைத்துக்கொண்டிருந்தேன், ஏதோ பெரிய வேலை செய்கிற நினைப்பில். ஐந்தாம் நாள் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றது. பாஸ்வேர்டு என் தலைக்குள் மட்டும். தலையோ 103 டிகிரி காய்ச்சலில். நான் எழுந்து வந்து பார்த்தபோது ஒன்பது பேர் வேறு சர்வர்களில் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை, கடையைச் சாத்திவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். கணக்கை முறையாக இடம் மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது. இவர்களுக்கு அதுவும் முடியவில்லை. பழைய வீடு திறந்திருந்தால்தானே சாமானை எடுக்க முடியும்.

அதன் பிறகு மூன்று பேரிடம் சாவி இருக்கிறது. ஒருவர் நெல்லிக்குப்பத்தில், ஓய்வு பெற்ற தபால்காரர். கம்ப்யூட்டரே தெரியாது என்றவர், ஒரு மாதத்தில் என்னைவிட ஒழுங்காகக் காப்புப் பிரதி எடுக்கிறார்.

சர்வரின் பெயரையும் நன்றாக யோசித்து வையுங்கள். மென்பொருளை மாற்றலாம், வாடகை இடத்தை மாற்றலாம், முகவரியை மட்டும் நடுவில் மாற்ற முடியாது. ஆப்கானிஸ்தானுக்குரிய '.ஏஎஃப்' முகவரியை அழகுக்காக எடுத்திருந்த ஒரு சர்வரை 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு முடக்கியது. நீங்கள் '.இன்' எடுத்துக்கொள்ளுங்கள், புதுப்பிக்கிற தேதி மூன்று பேரின் காலண்டரிலும் இருக்கட்டும்.

நிறுவுவதற்கான குறிப்புகள் தமிழில் என்னிடம் இருக்கின்றன, ஒரு சாயங்காலத்து வேலைதான். ஆனால் உங்கள் கடிதம் முழுக்க 'போட்டுவிடலாமா' என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த நாற்பது பேரில் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கும்? அவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு கடிதம் போடுங்கள், அன்றைக்கே குறிப்புகளை அனுப்புகிறேன்.