மாந்தோப்பை அடகு வைக்கும் முன் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் பெண்ணின் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பெண், கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் தாய்மாமா. பேசியது முழுக்க மாமாதான். சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம், செயற்கை நுண்ணறிவில் பி.டெக்., மேனேஜ்மென்ட் கோட்டா, நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம், முன்பணத்தை இந்த வாரமே கட்டினால்தான் சீட்டு நிற்கும். மாந்தோப்புப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்குவது என்று முடிவே ஆகியிருந்தது. அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "இது சரியாத்தானுங்க இருக்கும்?"

பயந்து வந்தவர்களிடம் முதலில் ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது என் வழக்கம். அன்றைக்கும் ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா பையில் இருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்து மேஜையில் வைத்து, "படிக்கிற நேரத்துல இதைத்தான் எழுதிக்கிட்டு உட்கார்ந்திருப்பா, நீங்களே கேளுங்க" என்றார். அதைத் திறந்து பார்த்த பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தோப்பில் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். அடிமரத்தில் சுண்ணாம்பால் எழுதிய அதே எண் நோட்டிலும் இருக்கிறது. எந்த மரம் எப்போது பூத்தது, எப்போது மருந்து அடித்தது, எத்தனை பெட்டி காய், மண்டியில் என்ன விலை. இதுவரை சரி, கணக்கு எழுதும் வீடுகளில் பார்க்கக் கூடியதுதான். கடைசி நாலு பக்கத்தைத் திருப்பினேன். அங்கே எந்த விஷயம் நோட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல். 'தத்துப்பூச்சி: 4, 11, 23'. 'மழை, பூக்கும் நேரத்தில்: 9, 30'. அதே பட்டியலில் 'கிளிமூக்கு: பார்க்க பெங்களூரா'. கொஞ்சம் தள்ளி 'தோத்தாபுரி: பார்க்க பெங்களூரா'. எதற்கு இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "தாத்தா கிளிமூக்குன்னு சொல்லுவாரு, கூழ் ஃபேக்டரிக்காரங்க தோத்தாபுரின்னு எழுதுவாங்க, அப்பா பெங்களூரான்னுதான் சொல்லுவாரு. எல்லாம் ஒரே காய்தானே, தேடும்போது கிடைக்காமப் போயிடுது" என்றாள். ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பெண் முழுசாகப் பேசியது அது ஒன்றுதான்.

அண்ணா, உங்கள் மச்சானை வைத்துக்கொண்டு அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. எழுதிப் போடட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்றீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன். இதே நிலைமையில் இந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும்.

முதலில் பணம். பத்து லட்சத்தை வருஷத்துக்கு இரண்டரை லட்சமாக, 10 சதவீத வட்டிக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். படிக்கும் நாலு வருஷத்தில் தனிவட்டி மட்டும் இரண்டரை லட்சம் சேரும். படிப்பு முடியும் அன்றைக்குக் கடன் பன்னிரண்டரை லட்சம். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 16,500 ரூபாய் கட்ட வேண்டும். வேலை கிடைத்தாலும் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும், மாங்காய் விலை விழுந்த வருஷமும் கட்ட வேண்டும். ஹாஸ்டல், சாப்பாடு, லேப்டாப் எல்லாம் இதற்கு மேல். உங்களுக்கு அந்தத் தோப்பைத் தவிர வேறு வருமானம் இல்லை. இந்தக் கடன் வேண்டாம். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பொறியியல் கெட்ட படிப்பு என்று சொல்ல வரவில்லை. ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகப் போனால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அவளுக்கு அதில் ஆசை இருந்திருந்தால் அந்த வழியைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் உனக்கு இது பிடிக்குமா என்று நான் அவளிடம் கேட்டபோது மாமாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அது சம்மதம் ஆகாது அண்ணா.

இப்போது அந்த நோட்டுக்கு வருகிறேன். கிளிமூக்கையும் தோத்தாபுரியையும் ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவந்தாளே, அதற்கு உலகம் முழுக்க ஆள் தேவைப்படுகிறது. நூலக, தகவல் அறிவியல் என்று அதற்கு ஒரு படிப்பே இருக்கிறது. நம் பர்கூர், ஓசூர் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அந்த வண்டிகளில் போகும் பேட்டரியில் ஒரு வகை இருக்கிறது. ஒருவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று எழுதுகிறார், இன்னொருவர் எல்.எஃப்.பி. என்கிறார், வேறொருவர் வெறும் வேதிக் குறியீட்டைப் போட்டுவிட்டுப் போகிறார். ஒரு பெயரில் தேடுகிறவருக்கு மற்ற பெயர்களில் எழுதியது கண்ணில் படாமல் போகலாம். ஏற்கெனவே செய்து முடித்த பரிசோதனையை மறுபடி செய்வார், அதுவும் மக்கள் வரிப்பணத்தில். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953-ல் திறந்தது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. நாடு முழுக்கக் காற்றின் வேகத்தையும் வெயிலின் அளவையும் அளக்கிறார்கள். எந்த உயரத்தில் அளந்தது, எந்தக் கருவி, எத்தனை நிமிடச் சராசரி என்ற குறிப்பு கூடவே இல்லாவிட்டால் அந்த எண்களை வைத்து ஒரு காற்றாலையும் நட முடியாது. மரத்தின் எண்ணை எழுதாமல் விளைச்சலை மட்டும் எழுதினால் உங்கள் பெண்ணின் நோட்டு என்ன ஆகும், அதே கதைதான்.

மஞ்சள் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் மஞ்சள் போடுகிறார்கள் என்றீர்களே. காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்தது. இது எங்கள் பாட்டி வைத்தியம் என்று வாயால் சொல்லிப் பயனில்லை, எழுத்தில் காட்ட வேண்டும். பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் தேடி எடுத்துக் காட்டியதால் 1997-ல் காப்புரிமை ரத்தானது. அதற்குப் பிறகுதான் சித்தா, ஆயுர்வேதம், யுனானி நூல்களில் உள்ளவற்றை வகைப்படுத்தி, காப்புரிமை அலுவலகங்களில் இருப்பவர்கள் தங்கள் மொழியிலேயே தேடிப் பார்க்கும்படி மரபுவழி அறிவு மின்நூலகம் என்று ஒன்றைக் கட்டினார்கள். மருத்துவர்கள் மட்டும் செய்த வேலை இல்லை அது. எதை எந்தத் தலைப்பில் வைத்தால் தேடுகிறவன் கைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தவர்களும் கூட உட்கார்ந்து செய்தது.

"லைப்ரரியன் ஆகறதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று மாமா கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். லண்டனுக்குப் படிக்கப் போனபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே சில பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி விதவிதமான பொருள் செய்யலாம். எந்த விஷயத்தையும் இப்படிச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றியிருக்கிறது. எதைப் பற்றியது, எந்தப் பொருள், என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று ஐந்து பக்கமாகப் பிரிக்கும் முறை அதில் இருந்து வளர்ந்தது. கோலன் பகுப்பு முறை என்று 1933-ல் வெளியிட்டார். இன்றைக்கும் உலகில் இந்தத் துறை படிக்கிறவர்கள் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ஆம் வருஷச் சட்டத்தின் வழி வந்தது அது.

அவர் 1962-ல் பெங்களூரில் ஆரம்பித்த ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஒரு பிரிவு. மைசூரு சாலையில் எட்டாவது மைலில் வளாகம் இருக்கிறது. காலையில் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பி வந்துவிடலாம். அங்கே நூலக, தகவல் அறிவியலில் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு உண்டு. எந்தப் பாடத்தில் இளநிலை முடித்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம், அப்புறம் நேர்காணல். இதுவரை அங்கே கல்விக் கட்டணம் வாங்காமல், மாதா மாதம் உதவித்தொகையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். இவள் விண்ணப்பிக்கும் வருஷத்தில் தொகையும் நிபந்தனையும் என்ன என்று அந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புத்தகத்துக்கு எண் ஒட்டுவதோடு நிற்கிற படிப்பு இல்லை. நிரல் எழுதுவது, புள்ளியியல், மின்நூலகம் கட்டுவது, ஒரு துறையின் சொற்களை அவற்றின் உறவோடு கணினிக்குப் புரியும்படி அடுக்குவது எல்லாம் உண்டு. இடங்கள் குறைவு, தேர்வு கடினம். கிடைக்காவிட்டால் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே இந்தத் துறை இருக்கிறது.

அதற்கு முன்னால் மூன்று வருஷம். கிருஷ்ணகிரியிலேயே அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, வருஷக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பி.எஸ்ஸி. வேதியியலோ இயற்பியலோ எடுக்கட்டும். பேட்டரி என்றால் என்ன என்று தெரியாதவர் பேட்டரி ஆராய்ச்சியை வகைப்படுத்த முடியாது. கூடவே பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். இன்னொரு விஷயம். ஒரே நாடு ஒரே சந்தா என்று மத்திய அரசு 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கும் மாணவர்கள் இலவசமாகப் படிக்கலாம். மாநில அரசுக் கல்லூரிகளும் இதில் வரும். பத்து லட்சம் கேட்கிற தனியார் பல்கலைக்கழகங்கள் முதல் கட்டத்தில் இல்லை. அரசுக் கல்லூரி என்று முகம் சுளித்த மாமாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

வேலை? மறைக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சி நிறுவனங்களில் நிரந்தரப் பணியிடம் அடிக்கடி வராது, வரும்போது போட்டி இருக்கும். நடுவில் ஒன்றிரண்டு வருஷம் ஒப்பந்த வேலையில் இருக்க நேரலாம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் நடக்கும் நெட் தேர்வில் இந்தப் பாடம் இருக்கிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய் வாங்கிக்கொண்டு முனைவர் பட்டம் படிக்கலாம். பெங்களூர் கம்பெனிகளிலும் தகவலை வகைப்படுத்தும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் அந்த வருஷங்களில் உங்கள் தலையில் கடன் இருக்காது, தோப்புப் பத்திரம் உங்கள் பீரோவில் இருக்கும்.

இதையெல்லாம் ஏஐ செய்துவிடும் என்று மாமா சொன்னதில் பாதி உண்மை. பழைய மாதிரி அட்டை எழுதும் வேலையைக் கணினி எடுத்துக்கொள்ளும். ஆனால் கிளிமூக்கும் தோத்தாபுரியும் ஒரே காய் என்று யாராவது எங்காவது சரியாக எழுதி வைத்தால்தான் அதற்கும் தெரியும்.

ஒன்று மட்டும். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதிலும் அவளைத் தள்ளிவிடாதீர்கள். மாமா தள்ளினாலும் நான் தள்ளினாலும் தள்ளுவது தள்ளுவதுதான். ஒரு வார நாளில் அம்மாவும் பெண்ணும் மட்டும் அந்த மைசூரு சாலை வளாகத்துக்குப் போய்வரட்டும், முன்கூட்டி மின்னஞ்சலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நோட்டைக் கையோடு கொண்டு போகட்டும். வந்த பிறகு என்ன தோன்றுகிறது என்று அவள் தன் கையால் ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பட்டும், நீங்கள் திருத்தாமல். அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள், கடைசித் தேதி யாருக்காகவும் நிற்காது. முன்பணம் கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்து ஏஜென்ட் மறுபடி போன் செய்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.