முற்றம் ஈரமாக இருந்தால் மழை பெய்ததா?

கேள்வி: ‘மழை பெய்தால் முற்றம் நனையும்.’ இது உண்மை. முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்று என் மகள் எழுதிய விடை தவறாம். ஏன்?

பதில்: அந்த வாக்கியம் ஒரு திசையில் மட்டுமே உறுதி தருகிறது. பனியாலும் முற்றம் நனையும். தண்ணீர் தெளித்தாலும் நனையும். ‘மழை இல்லை, எனவே முற்றம் நனையவில்லை’ என்பதும் இதே காரணத்தால் தவறு. உறுதியாகச் சொல்லக்கூடியது: முற்றம் நனையவில்லை என்றால் மழை பெய்யவில்லை. இரு பகுதிகளையும் இடம் மாற்ற வேண்டும், இரண்டையும் எதிர்மறையாக்கவும் வேண்டும். பலர் இதில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு நின்றுவிடுவார்கள்; பிழை அங்கேதான்.

மகளுக்கு 4 சீட்டுகள் கொடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாள். ஒரு பக்கம் மழை உண்டா இல்லையா, மறுபக்கம் முற்றம் ஈரமா உலர்ந்ததா. மேலே தெரிபவை: மழை, மழையில்லை, ஈரம், உலர்ந்தது. விதி உடைகிறதா என்று அறிய எவற்றைப் புரட்டுவது? ‘மழை’, ‘உலர்ந்தது’ இரண்டை மட்டும். மழை பெய்தும் முற்றம் உலர்ந்திருந்த நாள்தான் விதியைப் பொய்யாக்கும். ‘ஈரம்’ சீட்டைப் புரட்டத்தான் கை போகும். அதன் பின்னால் எது இருந்தாலும் விதிக்குச் சேதமில்லை. உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட சோதனையின் சாயல் இது. மிக நல்ல பயிற்சி.

கேள்வி: ‘நாளை மழையும் காற்றும் இருக்கும்’ என்பதன் மறுப்பு எது?

பதில்: ‘இரண்டும் இருக்காது’ அல்ல. ‘இரண்டில் குறைந்தது ஒன்று இருக்காது.’